விருந்தாளியின் குவளைக்குக் கணக்குப் பார்க்கலாமா?

“விருந்தாளி குடிக்கிற தண்ணீருக்குக் கணக்குப் போடுகிறவன் வீட்டில் பரக்கத் தங்குமா, தம்பி?” என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். வாசுதேவநல்லூர்க்காரர், நாம் மாமா என்று அழைத்துப் பழகியவர். மகனுடைய வலீமா நெருங்கிக் கொண்டிருந்த நேரம். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். அரிசி, இறைச்சி, நெய், விறகு, பண்டாரி கூலி என்று எல்லாவற்றுக்கும் எதிரே தொகை எழுதியிருந்தது. குடிபானம் என்று எழுதிய வரிக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை.

எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. மண்டப வாசலில் ‘வெல்கம் டிரிங்க்’ மேசை போட வேண்டும், மூன்று நிறத்தில் பானம் வைக்க வேண்டும், பந்தியில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைக்க வேண்டும் என்பது மகனுடைய ஆசை. அவ்வளவு பணம் எங்கிருந்து வரும் என்பது தகப்பனுடைய கவலை. இரண்டுக்கும் நடுவே மூத்த சகோதரர் ஒருவர், நம் குடும்பத்தில் விருந்தாளியின் வயிற்றுக்கு யாரும் கணக்குப் பார்த்ததில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. குறைத்தால் கஞ்சன் என்ற பெயர். குறைக்காவிட்டால் நகையை அடகு வைக்க வேண்டிய நிலை.

பானம் என்பது சிறிய விஷயம், இதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் எண்ணலாம். மார்க்கத்தில் விருந்தோம்பல் கடமைகளுள் ஒன்று. வீண்விரயம் தடுக்கப்பட்டவைகளுள் ஒன்று. ஒரே குவளைக்குள் இந்த இரண்டும் வந்து நிற்கும்போது மனிதன் தடுமாறுகிறான். அந்தத் தடுமாற்றம் உண்மையானது. அதைச் சிறிதென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

முதலில் நாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் இதே வட்டாரத்தில் ஒரு வலீமாவுக்குப் போயிருந்தோம். ஊர் பெயரும் வீட்டார் பெயரும் வேண்டாம். நல்ல கோடை. மதுரை, தென்காசிச் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி மண்டபம் வரை நடப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. வாசலில் கண்ணாடிக் கோப்பைகளில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பானங்கள். நீல நிறத்தில் என்ன பழம் இருக்கிறது என்று அருகில் இருந்த ஒரு சிறுவன் கேட்டான், மேசைக்காரர் சிரித்தார். மதுக்கடையில் வைப்பதைப் போன்ற நீண்ட காம்புடைய கோப்பைகள் அவை. ஹலாலான பானத்துக்கு ஹராமான பானத்தின் சட்டையை ஏன் மாட்டுகிறோமோ தெரியவில்லை. அது வேறு பேச்சு; இங்கே நிறுத்திக் கொள்கிறோம்.

முதற் பந்தியில் இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். பலர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். சிலர் மூடியைத் திறக்கவேயில்லை. பக்கத்தில் குளிர்ந்த கலர் பாட்டிலும் இருந்ததே காரணம். பந்தி எழுந்ததும் எடுப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கவிழ்த்தார்கள். அரை பாட்டில், முக்கால் பாட்டில் என்று நீர் நிறைந்த சாக்கைத் தூக்க முடியாமல் இரண்டு பையன்கள் இழுத்துக்கொண்டு போனதை நாம் பார்த்தோம்.

நான்காவது பந்தி உட்கார்ந்தபோது அஸருக்கு அதிக நேரம் இல்லை. அந்தப் பந்தியில் யார் இருந்தார்கள் தெரியுமா? காலையிலிருந்து பீடித் தட்டை மடியில் வைத்து, அன்றைய கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டு ஓடிவந்த பெண்கள். பள்ளிவாசல் மோதினார். மைக் செட்டுக்காரர். அடுப்படியில் வெந்த பண்டாரியின் ஆட்கள். அவர்களுக்குப் பாட்டில் இல்லை, தீர்ந்துவிட்டது. கலரும் இல்லை. மண்டபத்துப் பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து வெதுவெதுப்பான நீரைச் செம்பில் மொண்டு வைத்தார்கள். வீட்டுக்காரர் கஞ்சர் அல்லர். அன்று அவர் செலவழித்தது கொஞ்சமும் அல்ல. ஆயினும் அவருடைய தாராளம் மூன்றாம் பந்தியோடு முடிந்துவிட்டது.

கணக்கில்லாத தாராளம் முதலில் வந்தவனுக்கு மிஞ்சுகிறது. கடைசியில் வருபவனுக்கு இல்லாமற் போகிறது. கடைசியில் வருபவன் பெரும்பாலும் ஏழை. அவன் பிந்துவது உழைப்பினாலே. வலீமா உணவில் மிகக் கெட்டது, செல்வர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்பட்ட உணவு என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஏழையை அழைக்காமல் விட்டால்தான் அந்த எச்சரிக்கை நம்மைத் தொடும் என்று நினைத்திருந்தோம். அழைத்து உட்கார வைத்த பிறகும் அவனை விட்டுவிட முடியும் என்பதை அந்த நான்காம் பந்தியில் கண்டோம்.

இனிப் பெரியவர் கேட்ட பரக்கத்துக்கு வருவோம்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் பசியால் வாடிய ஒரு நாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு கிண்ணம் பால் அன்பளிப்பாக வந்தது. திண்ணைத் தோழர்களை அழைத்து வரும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அபூஹுரைராவை அனுப்பினார்கள். அவருடைய உள்ளம் உடனே கணக்குப் போட்டது: இத்தனை பேருக்கு இந்தப் பால் எந்த மூலைக்கு? தமக்கு என்ன மிஞ்சும்? இதை அவரே மறைக்காமல் அறிவித்திருக்கிறார். பிறகு கிண்ணம் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போயிற்று. ஒவ்வொருவரும் தாகம் தீரக் குடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு அபூஹுரைரா குடித்தார். எல்லாருக்கும் கடைசியாக நாயகம் (ஸல்) அவர்கள் குடித்தார்கள்.

பரக்கத் இறைவன் அருளுவது. அதற்கு நாம் வழி வகுக்க முடியாது. ஆனால் அந்தக் கிண்ணத்தில் பரக்கத் இறங்கிய விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவரும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு மீதியைக் கொட்டவில்லை. அடுத்தவர் ஒருவர் காத்திருக்கிறார் என்ற நினைவு ஒவ்வொரு கையிலும் இருந்தது. கொடுத்தவரே கடைசியில் நின்றார். பரக்கத்தை எண்ணிக் கணக்கை விட்டுவிடுகிற நாமோ, முதலில் குடித்து, பாதியைக் கொட்டி, கடைசி ஆளை மறந்துவிட்டு, பிறகு பரக்கத்தை எதிர்பார்க்கிறோம்.

கல்யாண வீட்டுப் பானம் என்ற இதே விஷயத்துக்கு நேரான செய்தி ஒன்றும் ஹதீஸில் இருக்கிறது. ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிப்பது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அபூ உஸைத் அஸ்ஸாஇதீ (ரலி) அவர்களின் திருமண விருந்துக்கு நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் வந்திருந்தார்கள். மணப்பெண்ணே பணிவிடை செய்தார். முதல் நாள் இரவே ஒரு கற்பாத்திரத்தில் பேரீச்சம் பழங்களை நீரில் ஊறப் போட்டிருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் உணவருந்தி முடித்ததும் அந்த ஊறல் நீரைக் கரைத்து அவர்களுக்குக் கொடுத்தார். மணப்பெண் பணிவிடை செய்ததைப் பற்றி உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நம் பேச்சு பானத்தைப் பற்றியதே.

ஒரு பாத்திரம், அதில் கொண்ட மட்டும் பழம், ஓர் இரவு அவகாசம். அந்தப் பெண் நோட்டு எழுதவில்லை. ஆனால் நாளை யார் வருகிறார், எப்போது தாகம் எடுக்கும், இன்று இரவே எதைச் செய்தால் அது நாளை பக்குவமாக இருக்கும் என்று கணக்குப் பார்த்துவிட்டார். அந்தக் கணக்கில் கஞ்சத்தனத்தின் வாடை அடிக்கிறதா? அன்பின் வாடையல்லவா அடிக்கிறது!

இன்னொன்றும் உண்டு. பேரீச்சம் பழ ஊறல் காலம் கடந்தால் நுரைத்துப் புளித்துப் போதை தருவதாகிவிடும்; போதை வந்தால் ஹராம். காலையில் ஊறியதை மாலையிலும், மாலையில் ஊறியதைக் காலையிலும் நாயகம் (ஸல்) அவர்கள் பருகியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. ஆக, அது பெருமைக்காகப் பத்துப் பானை ஊறவைத்து அடுக்கிவிடக் கூடிய பானமே அல்ல. தேவைக்கு மேல் செய்தால் ஹலாலே எல்லை மாறிவிடும். அளவு என்பது அந்தப் பானத்துக்கு உள்ளேயே இருந்தது.

அந்த ஊறல் நாயகத்துக்கென்று சிறப்பாகக் கொடுக்கப்பட்டதாக அறிவிப்பில் வருகிறதே, அப்படியானால் முக்கியஸ்தர்களுக்குத் தனிப் பானம் வைக்கலாமா என்று ஒரு நண்பர் நம்மை மடக்கினார். நியாயமான கேள்வி. அன்புக்குரிய ஒருவருக்குத் தனியே ஒன்றைச் செய்து கொடுப்பது தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். பால் கிண்ணம் வந்தபோது திண்ணைத் தோழர்கள் அனைவருக்கும் பின்னால் நின்றவருக்கு! நம் மண்டபங்களில் தனி மேசைக்குப் போகிற விலையுயர்ந்த பாட்டில் அப்படிப்பட்டவரைத் தேடியா போகிறது? வட்டாரத்தில் நமக்கு நாளை யாரால் காரியம் ஆகுமோ அவரைத் தேடிப் போகிறது.

எதிர்த்தரப்பில் இதைவிட வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வழக்கை வென்றதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் அறிமுகமில்லாத சில விருந்தினர் வந்தபோது, அவர்கள் யாரென்று கேட்டு நிற்காமல் கொழுத்த கன்றையே சமைத்துக் கொண்டுவந்து வைத்ததைத் திருக்குர்ஆனின் 51வது அத்தியாயம் சொல்கிறது. சிலருக்கு ஒரு முழுக் கன்று! இது கணக்குப் பார்த்த கையா? மூத்த சகோதரர் இதைச் சொல்லியிருந்தால் நாம் சற்று நேரம் வாயடைத்துத்தான் இருந்திருப்போம்.

ஆனால் அந்தக் கன்று அவர்கள் வீட்டில் இருந்த கன்று. கடன் வாங்கிய கன்றென்று எங்கும் இல்லை. அதைக் கொண்டுவந்து விருந்தினர்களுக்கு அருகிலேயே வைத்தார்கள்; தெருவில் போகிறவர் காண வாசலில் வைக்கவில்லை. உள்ளதிலிருந்து நல்லதைக் கொடுப்பது வேறு, இல்லாததை உள்ளது போலக் காட்டுவது வேறு.

நாயகம் (ஸல்) அவர்களின் வலீமாக்களே இதற்கு விளக்கம். ஸைனப் (ரலி) அவர்களை மணந்தபோது ஓர் ஆடு அறுத்தார்கள். மற்ற எந்த மனைவியின் வலீமாவும் அவ்வளவு சிறப்பாக நடக்கவில்லை என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா கைபரிலிருந்து திரும்பும் வழியில் நடந்தது. ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. விரிப்பில் பேரீச்சம் பழமும் பாலாடைக் கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. வேறொரு மனைவிக்கு இரண்டு முத்து வாற்கோதுமையில் வலீமா முடிந்தது. இரு கைகளையும் சேர்த்து ஒருமுறை அள்ளினால் ஏறக்குறைய ஒரு முத்து. ஒரே வீட்டுக்காரர், மூன்று வரவு செலவுகள். ஆடு அறுத்த நாளில் கண்ணியம் ஏறவுமில்லை, வாற்கோதுமை நாளில் இறங்கவுமில்லை. நம் ஊரிலோ மூத்த மகனுக்கு வைத்ததை இளைய மகனுக்கும் வைத்தே தீர வேண்டும், அண்ணன் வீட்டில் வைத்ததற்கு ஒன்று கூட வைக்க வேண்டும். நடுவில் வெளிநாட்டு வேலை போய்விட்டாலும், உடம்பு படுத்துவிட்டாலும் கோப்பையின் நிறம் மட்டும் குறையக் கூடாது!

கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுதும் விரித்துவிடவும் வேண்டாம் என்ற கருத்தை 17வது அத்தியாயத்தின் 29வது வசனத்தில் படிக்கிறோம். உண்பதையும் பருகுவதையும் அனுமதிக்கிற 7வது அத்தியாயத்தின் 31வது வசனம் அதே மூச்சில் வீண்விரயத்தைத் தடுக்கிறது. இவற்றைக் கேட்டவுடன் நாம் நடுவழி என்பதை நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் நடுவே ஐந்நூறு என்பது போலப் புரிந்து கொள்கிறோம். நடுவழி தொகையில் இல்லை. ஒரே நோட்டில் இரண்டு பேர் கணக்கு எழுதலாம். ஒருவன் தன் பையில் என்ன மிஞ்சும் என்று எழுதுகிறான். மற்றவன் கடைசி ஆளுக்கு என்ன மிஞ்சும் என்று எழுதுகிறான். எண்கள் ஒன்றாகவே இருக்கலாம், நிய்யத் வேறு.

இவ்வளவும் பேசிய பிறகு பெரியவர் நோட்டை நம் முன் வைத்து, “அப்படியானால் நீங்களே எழுதுங்கள்” என்றார். போதிப்பவனுக்கு இதுதான் தண்டனை. உட்கார்ந்து எழுதினோம்.

அழைப்பு 600 பேருக்கு. மகன் சொன்னபடி ஆளுக்கொரு கலர் பாட்டில் என்றால், பாட்டில் 20 ரூபாய் வைத்தாலும் 12,000 ரூபாய். 600 என்றால் 600 வாங்கி யாரும் நிறுத்துவதில்லை. 800 வாங்கினால் 16,000. தண்ணீர் பாட்டிலும் வாசல் மேசையும் இதற்கு மேல். அந்த 20 ரூபாயிலும் 5 ரூபாய்க்கு மேல் வரியாகவே போய்விடுகிறது. கலர் பானங்களுக்கு வரி 40 சதவீதம்.

பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கேயுள்ள சந்தையிலிருந்து மலையாளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிறது. வாசலில் விளைவதை விட்டுவிட்டு நீல நிறத்தைத் தேடுவானேன்? ஒரு டம்ளர் 150 மில்லி. 800 டம்ளருக்கு 120 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் 6. இரண்டு டம்ளருக்கு ஒரு பழம் என்று 400 பழம். டம்ளருக்கு 20 கிராம் சீனி என்று 16 கிலோ. பழம் 5 ரூபாய் என்றால் 2,000, சீனி 45 ரூபாய் வீதம் 720, தண்ணீருக்கு 240, பிழிந்து கலக்கிக் கொடுக்கவும் டம்ளர் கழுவவும் இரண்டு ஆட்களுக்குக் கூலி 2,000. மொத்தம் 4,960 ரூபாய். எலுமிச்சை விலை நிலையாக நிற்காது என்பது உண்மை. 2022 ஏப்ரலில் நாட்டின் பல இடங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தோம். அப்படி ஏறினால் பாதியை நன்னாரிக்கு மாற்றிக் கொள்ளலாம். நன்னாரி சர்பத் நம் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல.

நோட்டில் இல்லாத ஒரு யோசனையைப் பண்டாரிதான் சொன்னார். “எல்லாவற்றையும் காலையிலேயே கலந்து வைக்காதீர்கள். பந்திக்குப் பந்தி கலக்குங்கள். வெட்டாத பழம் மிஞ்சினால் ஊறுகாய்க்கு ஆகும். கலந்த சர்பத் மிஞ்சினால் சாக்கடைக்குத்தான் போகும்.” அந்தக் கற்பாத்திரத்து ஊறலைப் பற்றி அவர் படித்திருக்க மாட்டார். ஆனால் அதே கணக்கு அவர் கையில் இருந்தது.

சீனி சேர்த்தது ஓர் அண்டா, உப்புப் போட்டது ஓர் அண்டா என்று இரண்டையும் ஒரே மேசையில் வைக்கச் சொன்னோம். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ல் கூறியது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள். சபையில் தம் நோயைச் சொல்லித் தனியே கேட்டு வாங்க அவர்களுக்குக் கூச்சம். அதனால் சீனித் தண்ணீரையே குடித்துவிடுகிறார்கள். கேட்காமலே கையில் கிடைக்கும்படி வைப்பதும் விருந்தோம்பல்தான்.

பானத்தைப் பற்றி நாம் முன்பு எண்ணிப் பாராத ஒன்றும் அன்று தோன்றிற்று. வாசுதேவநல்லூரில் நம் விருந்துக்கு இந்துச் சகோதரர்கள் நிறைய வருவார்கள். அவர்களில் இறைச்சி உண்ணாதவருக்குத் தனிச் சமையல், தனிப் பந்தி. பிரியாணி நம்மை இரண்டு வரிசையாகப் பிரித்துவிடுகிறது, அதில் தவறில்லை. ஆனால் எலுமிச்சைச் சர்பத்துக்கு வரிசை கிடையாது. ஒரே அண்டா, ஒரே டம்ளர், ஒரே மேசை. அன்று முழுவதும் எல்லாரும் ஒன்றாகப் பருகுவது அது ஒன்றுதான். அதிலும் போய் உயர்ந்த பானம், தாழ்ந்த பானம் என்று பிரித்துவிட்டால் பொதுவென்று வேறு என்ன மிஞ்சும்?

டம்ளருக்கு எவர்சில்வர் போதும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறது. ஆயினும் நம் மண்டபங்களின் பின்புறத்தில் அவை இன்னும் குவிந்து கிடப்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஜமாஅத்தில் வாடகைப் பாத்திரம் இருக்கும் ஊர்களில் டம்ளரும் அங்கேயே கிடைக்கும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். குற்றாலச் சாரல் காற்று நம் பக்கம் எட்டிப் பார்க்கும் ஆனி, ஆடியில் வலீமா வைத்துவிட்டுக் குளிர்ந்த பாட்டிலை அடுக்கினால் தொடுவாரில்லை. சுக்குக் காப்பி வைத்தால் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். சுவனத்துப் பானங்களில் இஞ்சி கலந்ததும் ஒன்று என்று 76வது அத்தியாயம் கூறுகிறது. சுக்கை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

மகன் விடவில்லை. “எலுமிச்சைத் தண்ணீர் வைத்தால் ஊரில் சிரிப்பார்கள். கலர் என்பது காலத்தின் வழக்கம்” என்றான். வழக்கம் எவ்வளவு நிலையானது என்று அவனுக்குச் சொன்னோம். இப்போது வேடிக்கைப் பொருளாகிவிட்ட கோலி சோடா பாட்டில் 1872ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் உரிமை பெற்றது. ஒரு காலத்தில் அதுவே நம் கல்யாண வீடுகளின் ஆடம்பரம். விருதுநகரில் 1916ல் தொடங்கிய காளிமார்க் நம் தெற்குச் சீமையின் விருந்துகளில் நெடுங்காலம் இருந்தது. அதன் பவண்டோ இன்றும் இருக்கிறது. கோக்கோ கோலா 1977ல் இந்தியாவை விட்டுப் போயிற்று, 1993ல் திரும்பி வந்தது. அந்த 16 ஆண்டுகளில் நடந்த நிக்காஹ்களில் எதுவும் அந்தப் பாட்டில் இல்லாததால் குறைந்துவிட்டதா? 2017 மார்ச் 1 முதல் தமிழகத்து வணிகர் அமைப்புகள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. நம் தாமிரவருணி நீர் கங்கைகொண்டானில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குப் போவதைப் பற்றிய வழக்கும் அப்போது மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் நடந்தது, மறுநாளே தள்ளுபடியாயிற்று. கடைகளில் பாட்டில்கள் மீண்டும் ஏறின. ஊர் சிரிக்கிறது, பிறகு மறக்கிறது. அடகுக் கடைக்காரர்தான் மறப்பதில்லை.

அடகு என்றதும் அவன் சற்று அடங்கினான். தாயின் வளையல் பேச்சில் இருந்தது அவனுக்கு அதுவரை தெரியாது என்பது நமக்கும் அப்போதுதான் தெரிந்தது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஹலாலான பானத்தை ஊற்றிக் கொடுப்பதைப் பற்றி நாம் ஒரு பத்தி எழுதலாம். அந்த வாலிபன் தன் உம்மாவின் கையைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அது வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

ஒரு பாட்டில் மேசையாவது இருக்கட்டும், நண்பர்களுக்காக, என்று கேட்டான். பெரியவர் நம்மைப் பார்த்தார். நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நண்பர்களுக்கு வைப்பதானால் கடைசிப் பந்திக்கும் அதே அளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்றோம். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு அவனே அந்த வரியை அடித்துவிட்டான்.

வலீமா அன்று நாமும் போயிருந்தோம். வாசலில் இரண்டு அண்டா. மகனுடைய தோழர்கள் நான்கைந்து பேர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள். மூத்த சகோதரர் வாய் திறக்கவில்லை. உப்புப் போட்ட அண்டாப் பக்கமே நின்றார். ஊற்றிக் கொடுத்த பையன்களிடம் வலப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தார் பெரியவர். புகட்டுபவர் கடைசியில் பருகுவதே முறை என்பதால் அவர்கள் குடிக்காமல் நின்றார்கள். பண்டாரியின் ஆட்களுக்கு மட்டும் முதலிலேயே ஒரு வாளி அடுப்படிக்குப் போயிற்று.

நான்காம் பந்தியில் பீடி சுற்றும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சாக்கில் பழம் இருந்தது. சீனியும் இருந்தது. பிழிந்து கலக்கினார்கள், எல்லாருக்கும் டம்ளர் நிறையக் கிடைத்தது. ஆனால் ஐஸ் கட்டி இல்லை. இரண்டாம் பந்தியோடு கரைந்துவிட்டது. பழத்துக்கும் சீனிக்கும் தண்ணீருக்கும் கூலிக்கும் கணக்கு எழுதிய நாம், ஐஸுக்கு ஒரு வரி எழுத மறந்திருந்தோம். கடைசியில் வந்தவர்களுக்கு மறுபடியும் வெதுவெதுப்பானதே கிடைத்தது.

பெரியவர் நோட்டை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தின் அடியில் ஐஸ் என்று எழுதினார். இளைய மகனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதாம். எதிரே தொகையை எழுதாமல், “நீங்கள்தானே மறந்தீர்கள், நீங்களே விசாரித்து எழுதுங்கள்” என்று பேனாவை நம்மிடம் நீட்டினார்.